கையகலத் திரை

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செல் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், ஜெராக்ஸ், டிஸ்ப்ளே மாற்றுவது, மெமரி கார்டில் படம் ஏற்றித் தருவது, எல்லாம் உண்டு. என் பேர் கலைச்செல்வன். வேதாசலம் மாமாவிடம் இரண்டு வருஷம் ஒரு பொய்யைக் காப்பாற்றி வந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மாமா என்பது ஊர் வழக்கத்தில். எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே அவருக்கு நாலு ஏக்கர். பகலெல்லாம் மோட்டார் ரூமில்தான் இருப்பார். த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்தவுடன் மோட்டாரைப் போட ஆள் வேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் அவர் மகள் இளமதி ஒரு பிளேயர் வாங்கிக் கொடுத்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்து முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது. ரேடியோ மாதிரி கைப்பிடி, பெரிய பட்டன்கள், கையகலத் திரை. மெமரி கார்டைச் செருகினால் படம் ஓடும்.

திரை ஏறக்குறைய சதுரம். அதில்தான் தொந்தரவே. படங்களோ துண்டை விரித்த மாதிரி நீளம். அப்படியே போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, நடுவில் ஆட்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. "இன்னாப்பா, படத்த ஜன்னலு வயியா பாக்கற மாதிரி கீது" என்பார். இழுத்து நிரப்பினால் எல்லோரும் பனைமரம் போல ஒல்லியாகிவிடுவார்கள். இரண்டு பக்கமும் வெட்டிவிட்டால் முகம் பெரிதாகத் தெரியும், ஆனால் ஓரத்தில் நிற்கிறவன் காணாமல் போய்விடுவான்.

நான் வெட்டித்தான் கொடுப்பேன். கம்ப்யூட்டரில் நடுப்பக்கத்தை வை என்று சொல்லிவிட்டால் அரை மணியில் அதுவே முடித்துவிடும். இளமதி ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து அதைப் பார்த்தாள்.

"அண்ணா, இப்பிடி வெட்னா நைனாவுக்குக் கதையே புரியாது. யாரு யாராண்ட பேசறாங்கன்னு என்னைக் கேட்டுக்கினே இருக்காரு."

அவளிடம் லேப்டாப் இருந்தது. எப்படி வெட்டுவது என்று அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனாள். அடுத்த வாரம் அவள் செய்து கொண்டுவந்த படத்தைப் பார்த்து அசந்துவிட்டேன். காட்சி காட்சியாகப் பிரித்து, வெட்டும் சதுரச் சட்டத்தைக் கையால் நகர்த்தியிருந்தாள். பேசுகிறவர் இடது ஓரத்தில் இருந்தால் சட்டம் அங்கே போகும். பதில் சொல்கிறவர் வலது பக்கம் என்றால் மெதுவாக அங்கே நகரும். மோட்டார் சத்தத்தில் கேட்க வேண்டும் என்று பேச்சை மட்டும் கூட்டி வைத்திருந்தாள். ஒரு படத்துக்கு அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

இன்னொன்றும் செய்திருந்தாள். ஒரு பாட்டில் நாயகன் ஒரு பக்கம் பாடிக்கொண்டு வருகிறான், மறுபக்கம் ஒரு ஜோடி மாடு வண்டி இழுக்கிறது. அவள் மாட்டுக்குப் போய்விட்டாள். பாட்டு முடியும்வரை மாடுதான். பாடுகிறவனின் ஒரு கை மட்டும் அவ்வப்போது உள்ளே வந்து போகும்.

"இன்னாம்மா இது, ஹீரோவையே வெட்டிட்ட?"

"நைனா மாட்டத்தாண்ணா பாப்பாரு. கொம்பு எப்பிடி, திமிலு எப்பிடின்னு சொல்லிக்கினே இருப்பாரு. அவன் மூஞ்சிய அவரு பாக்கப் போறதில்ல."

அப்பனும் மகளும் அப்படி இருந்தார்கள்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷத்தில் இளமதி, எங்கள் ஊர்க் காலனி சாமுவேலின் மகன் செந்தமிழனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். செந்தமிழன் ஏனாத்தூரில் லேப் வேலையில் இருந்தான். போலீஸ் ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். மாமா அவளைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பெண்ணே கிடையாது என்று எழுதச் சொன்னார், எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார், வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். வீட்டுக்குப் போய் அவள் துணி, புத்தகம், அம்மாவுக்கு அவள் எடுத்துக் கொடுத்த புடவை எல்லாவற்றையும் களத்தில் போட்டுக் கொளுத்தினார். இளமதியும் செந்தமிழனும் ராஜகுளத்தில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள்.

பிளேயரை மட்டும் அவர் கொளுத்தவில்லை. பத்து நாள் கழித்து அதே மெமரி கார்டோடு என் கடைக்கு வந்தார். முகத்தில் தாடி.

"புதுசா எதுனா போடுப்பா."

நான் எப்போதும் போல நடுவில் வெட்டிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே இளமதியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, நைனா கார்டு போட வராரா?"

"இன்னிக்குத்தான் வந்துட்டுப் போனாரு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. "இன்னா படம் கேக்கறாருன்னு எனுக்கு மெசேஜ் போடுங்கண்ணா. நானே பண்ணி அனுப்பறேன். நீங்க பண்ணதாவே இருக்கட்டும். அவராண்ட சொல்லிடாதீங்க."

அப்படி ஆரம்பித்தது. செந்தமிழன் வாரம் ஒருமுறை காலனியில் அப்பாவைப் பார்க்க வருவான். வருகிற வழியில் பென் டிரைவை என்னிடம் கொடுப்பான். நான் அதைக் கார்டில் ஏற்றி மாமாவிடம் கொடுப்பேன். முதல் படத்தைப் பார்த்துவிட்டு மாமா கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நல்லாப் பண்ணிக்கீறப்பா. அந்த ஏரு ஓட்டற எடத்துல மாட்டையே காட்டிக்கினு போன பாரு. ரசன தெரிஞ்சவன் நீ."

"சும்மா பண்ணேன் மாமா" என்றேன்.

ராஜகுளத்துக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். அவளிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் அடுத்த படம் நாலே நாளில் வந்தது.

இரண்டு வருஷம் ஓடிற்று. சில சமயம் மாமா, பார்த்த படத்தையே மறுபடியும் கேட்பார். "இத்த போன பொங்கலுக்கே போட்டுக் குடுத்தேனே" என்றால், "மறந்துட்டேன், திரும்பப் போடு" என்பார். பழைய கோப்பு என்னிடம் இருந்தாலும் இளமதியிடம் கேட்டுத்தான் கொடுப்பேன். அவள் மறுபடியும் முதலிலிருந்து உட்கார்ந்து வேறு மாதிரி வெட்டுவாள். ஒரு காட்சியில் போன முறை அம்மாவின் முகம் இருந்த இடத்தில் இந்த முறை வாசலில் நிற்கும் மகள் இருப்பாள். வயசாகிறது, ஞாபகம் போகிறது என்றுதான் நான் மாமாவைப் பற்றி நினைத்தேன்.

ஒருமுறை செந்தமிழன் பென் டிரைவை என் கையில் வைத்த சமயம் மாமா படியேறி வந்துவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செந்தமிழன் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றான். மாமாவின் பார்வை என் கையில் இருந்த பென் டிரைவுக்கு வந்தது. அப்படியே திரும்பி இறங்கிப் போனார். மறுநாள் வந்து, எதுவுமே நடக்காத மாதிரி, "படம் வந்துச்சா?" என்று கேட்டார்.

போன ஐப்பசியில் இளமதிக்கு ஆறு மாசம். காய்ச்சல் என்றார்கள், பிறகு மஞ்சள்காமாலை என்றார்கள். கர்ப்பமாக இருக்கும்போது அது வந்தால் ஆபத்து என்று டாக்டர்கள் சொன்னார்களாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காலையில் செந்தமிழன் எனக்குப் போன் செய்தான். "அண்ணா, ரெண்டு பேரும் போயிட்டாங்க" என்றான். எந்த இரண்டு பேர் என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது.

ராஜகுளத்துக்கு ஓடினேன். கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகமில்லை. சாமுவேல் ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து கோவிந்தம்மாள் அத்தை இறங்கினார், இளமதியின் அம்மா. கூட அவருடைய தம்பி. தாமலில் தம்பி வீட்டில் சாமி கும்பிடுகிறார்கள் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். பெட்டியை மூடுவதற்கு முன் மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு வயிற்றின் மேல் கையை வைத்தார். பெண்கள்தான் பிரித்து எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் அவர் அருகில் போனேன்.

"அத்த, மாமாவுக்குச் சொல்லலியா?"

"அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? துணியக் கொளுத்தனாரே, அன்னிக்கு. 'அவ செத்துட்டான்னு சேதி வந்தாக்கூட என் காதுல போடக் கூடாது'ன்னு ஊருக்கே கேக்கறாப்பல சொன்னாரு." அத்தை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "போட மாட்டேன். நீயும் போடாத. யாரும் போடக் கூடாது. அவரு கேட்டது அவருக்குக் கெடைக்கட்டும்."

நான் தலையாட்டினேன். அந்தச் சமயத்தில் அவரிடம் வேறு என்ன பேச முடியும். ஊரும் அப்படியே வாயை மூடிக்கொண்டது. மாமா மோட்டார் ரூமை விட்டால் வீடு, வீட்டை விட்டால் மோட்டார் ரூம். அத்தை சோறு ஆக்கினார், போட்டார். அவர் சாப்பிட்டார்.

ஆறாம் நாள் மாமா கடைக்கு வந்தார்.

"போன வாரம் ஒரு படம் சொன்னேனே, வந்துச்சா?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நாளைக்கு வாங்க மாமா" என்றேன். அவர் போனதும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். இளமதி மாதிரியே செய்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் காட்சியிலேயே எந்த முகத்தை வைப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. கடைசியில் நடுவை வை என்று கம்ப்யூட்டரிடமே விட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். மறுநாள் கார்டை வாங்கிக்கொண்டு போனார்.

நாலு நாள் கழித்துப் பிளேயரோடு வந்தார். மதியம் சாப்பாட்டு நேரம், கடையில் வேறு யாரும் இல்லை. பிளேயரை என் முன்னால் வைத்து ஓடவிட்டார்.

"இன்னாப்பா இது? ரெண்டு பேரு பேசிக்கினு கீறாங்க. ரெண்டு பேரையும் காணோம். நடுவுல கீற தூண மட்டும் காட்டற."

"அவசரத்துல பண்ணிட்டேன் மாமா. வேற மாதிரி போட்டுத் தரேன்."

அவர் பட்டனை அழுத்திப் படத்தை ஓட்டினார். "இங்க பாரு. களத்துல போரடிக்கறாங்க. மாடு எங்க? வாலு மட்டும் கீது."

அவர் பிளேயரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பட்டன்களைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவளுக்கு ஒடம்பு சரியில்லயா?"

"யாருக்கு மாமா?"

"கலைச்செல்வா, நான் மாட்டப் பாப்பேன்னு உனுக்கு எப்பிடிடா தெரியும்? அவளத் தவர யாருக்குத் தெரியும்? மொத படத்துலயே எனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வந்துக்கினு இருந்தேன். பாத்த படத்தையே திரும்பத் திரும்பக் கேட்டனே, எதுக்குன்னு நெனச்ச?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாசமா கீறான்னு காதுல விழுந்துச்சு. அதனால முடியலயா? முடியலன்னா வோணாம். படம் வோணாம்னு சொல்லிடு. நல்லா கீறாளான்னு மட்டும் சொல்லு."

நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். சொன்னேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. எதிரில் காஞ்சிபுரம் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.

"எப்போ?"

"பத்து நாளாச்சு மாமா."

"புள்ள?"

"அதுவும்."

"அவ அம்மாவுக்குத் தெரியுமா?"

"அத்த வந்திருந்தாங்க. மண்ணு போட்டாங்க."

தான் என்ன சொல்லியிருந்தோம் என்பது அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும், ஏன் யாரும் சொல்லவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. ஸ்டூலை விட்டு எழுந்தவர் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்தார். பிறகு அவரிடமிருந்து வந்த சத்தத்துக்கு எதிர் டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

கடையை மூடிவிட்டு அவரை என் வண்டியில் ராஜகுளத்துக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தார். செந்தமிழன் வீட்டில்தான் இருந்தான். கதவைத் திறந்தவன் அவரைப் பார்த்ததும் வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"இன்னாத்துக்கு வந்தீங்க?"

மாமா கையைக் கூப்பினார்.

"கும்புடாதீங்க. ரெண்டு வருசம் அவ இந்த வாசலையே பாத்துக்கினு இருந்தா. புள்ள பொறந்தா எங்க நைனா வந்துடுவாரு, வராம இருக்க மாட்டாருன்னு சொல்லிக்கினே இருந்தா. அப்பெல்லாம் உங்களுக்கு வயி தெரியல."

"தெரியலப்பா" என்றார் மாமா. "நீ சொல்றது சரி. நான் உள்ள வரல. அவ எங்க உக்காந்து அந்தப் படத்தப் பண்ணான்னு மட்டும் காட்டு. போயிடறேன்."

செந்தமிழன் கதவை விட்டு விலகினான். ஜன்னல் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் முதுகுக்கு ஒரு தலையணை. மேஜையில் லேப்டாப். அவன் அதைத் திறந்தான். அவள் பாதியில் விட்ட படம் அப்படியே இருந்தது. முழு நீளப் படம், அதன் மேல் ஒரு சின்னச் சட்டம். செந்தமிழன் ஓடவிட்டான். அகலமான வயல், கரும்பு, ஆட்கள், வானம். சட்டம் அதில் மெதுவாக நகர்ந்து ஒரு கிழவரின் முகத்தில் வந்து நின்றது, அவர் திரும்பியதும் கூடவே திரும்பியது. இன்டர்வெல்லுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோயிற்று. அதற்கப்புறம் சட்டமே இல்லை. படம் மட்டும் ஓடியது.

"ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காலைலகூட இங்கதான் இருந்தா" என்றான் செந்தமிழன். "படுத்துக்கடின்னேன். இந்த சீன முடிச்சுட்டுப் படுக்கறேன்னா."

மாமா ஒரு விரலால் திரையில் அந்தச் சட்டம் நின்ற இடத்தைத் தொட்டார்.

"இத்த எனுக்குக் குடுப்பியாப்பா? இந்தப் பாதிய மட்டும்."

"மாட்டேன்" என்றான் செந்தமிழன். அவன் அழுதுகொண்டிருந்தான். "உங்களுக்கு அவ நெறைய குடுத்துட்டா. எங்கிட்ட இதுதான் கீது."

மாமா தலையாட்டினார். வற்புறுத்தவில்லை. வாசலில் செருப்பைப் போட மறந்து வெறுங்காலோடு தெருவில் இறங்கினார். நான்தான் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

அன்றிலிருந்து அவர் மெமரி கார்டு எடுத்து வரவில்லை. வீட்டில் அத்தையும் அவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே பேசவில்லை என்றுதான் பக்கத்து வீட்டு எல்லம்மாள் சொன்னார். அவர் கொல்லையில் உட்கார்ந்து அழுவதும், அத்தை உள்ளே பாத்திரம் தேய்ப்பதும் கேட்குமாம்.

நாற்பதாம் நாள் கல்லறையில் கல் வைத்தார்கள். செந்தமிழனே எனக்குப் போன் செய்து, "அவர இட்டுக்கினு வாங்கண்ணா" என்றான். நாங்கள் போனபோது ஜெபம் முடிந்திருந்தது. கறுப்புக் கல்லில் புதிதாக வெட்டிய எழுத்துகள். மாமா கிட்டே குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். 'வே. இளமதி' என்று இருந்தது.

"என் எழுத்தா?" என்றார்.

"அவ மாத்தல" என்றான் செந்தமிழன். "ஆதார்ல, பேங்க்ல எங்கயும். நானும் கேக்கல."

மாமா அந்த முதல் எழுத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். வெயிலில் கல் கொதித்தது. கையை எடுக்கவில்லை.

அத்தை கொஞ்சம் தள்ளித் தம்பியோடு நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை இருந்தது, நாலு புடவை கொள்கிற அளவு. ஆட்டோவை நோக்கி அவர் நடந்ததைப் பார்த்து மாமா எழுந்து பின்னால் போனார்.

"கோவிந்தம்மா. வூட்டுக்கு வா."

அத்தை திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. களைப்புதான் இருந்தது.

"நான் தாமலுக்குப் போறேன். உனுக்கு ரெண்டு நாளைக்குக் கொயம்பு வெச்சிட்டு வந்துக்கீறேன். அப்பால நீயே பாத்துக்கோ."

ஆட்டோ போய்விட்டது. நான் வண்டியைக் கிளப்பினேன். மாமா ஏறவில்லை.

"நீ போப்பா. கடையத் தொற. நான் பஸ்ல வந்துக்கறேன்."

திரும்பி மெதுவாக நடந்து கல்லுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தார். செந்தமிழன் மறுபக்கம் உட்கார்ந்திருந்தான். நான் கேட் அருகில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.